மேட்டுக் கோயிலுக்கு யார் தலை?

எங்கள் டிப்பெரரிப் பக்கத்துத் துபாசி லோக்லன் ஓ மாராவுக்கு இரண்டு மொழி தெரியும். இரண்டிலும் பொய் சரளமாக வரும். இளவயதில் ஆங்கிலேயச் சிப்பாய்களின் குதிரைகளைத் தேய்த்தவன். ஆங்கிலம் அங்கே ஒட்டிக்கொண்டது.

ஆங்கிலேயரின் சார்லஸ் ராஜாவின் ஆட்கள் ஒரு துரையோடு சத்தியம் வாங்க வந்தார்கள். திருச்சபைக்குத் தலைவர் போப்பாண்டவர் அல்ல, ராஜாதான் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நிலம் போகும், சொன்னால் கத்தோலிக்கர்களான எங்களுக்கு ஆன்மா போகும். எங்கள் மொழியில் திருச்சபைக்கும் கோயில் கட்டடத்துக்கும் ஒரே சொல்தான். லோக்லன் அதைப் பிடித்துக்கொண்டான். துரை ஆங்கிலத்தில் கேட்டு முடித்ததும் ஜன்னல் வழியே மேட்டுக் கோயிலைக் காட்டி எங்கள் மொழியில் கேட்பான்:

"அந்தக் கோயிலுக்கு ராஜாதானே தலை?"

அது ராஜாவின் சபைக்காரர்கள் எங்களிடமிருந்து பிடுங்கிய கோயில். நாங்கள் யாரும் உள்ளே கால் வைப்பதில்லை.

"அவரேதான். ஒழுகுற கூரையையும் சேத்து அவரே வச்சுக்கட்டும்" என்றேன்.

"மனதார ஏற்கிறான், துரை" என்றான் லோக்லன்.

நாற்பது குடும்பம் இப்படித் தப்பியது. எனக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கடைசியாக வந்தவள் விதவை ஃபினோலா. அவளிடம் மூன்று பசுவும் ஓடையோரத்தில் ஒரு துண்டு நிலமும் இருந்தன. கேள்வியைக் கேட்டதும் பலமாகத் தலையை ஆட்டி மறுத்தாள்.

"அது எங்க தாத்தா கல்லு சுமந்து கட்டுனது. ராஜாவுக்கு அதுல என்ன பாத்தியதை?"

"அக்கா, பேசாம ஆமான்னு சொல்லிட்டுப் போ" என்றான் லோக்லன்.

"நீயே சொல்லு. உனக்குத்தான் நல்லா வருமே."

அவள் மேட்டைப் பார்த்துக் கையை நீட்டியதைத் துரை கவனித்துவிட்டார். என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அவள் சொன்னதை அப்படியே சொன்னால், இதுவரை என்ன கேள்வி கேட்டு வந்தான் என்பது வெளிப்பட்டுவிடும். நாற்பது சத்தியமும் செல்லாமல் போகும். அவள் தலையை ஆட்டியதைத் துரை பார்த்துவிட்டதால் ஏற்கிறாள் என்றும் சொல்ல முடியாது. நாங்கள் சுவரோரம் நின்று லோக்லனையே பார்த்தோம்.

"மறுக்கிறாள், துரை" என்றான் லோக்லன்.

அறுவடைக்கு முன்பே நிலமும் பசுக்களும் போயின. சதுப்பு ஓரத்துக் குடிசைக்குப் போய்விட்டாள். தப்பித்த நாற்பது குடும்பத்தில் ஒருத்தரும் எட்டிப்பார்க்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான். லோக்லன் மட்டும் குளிர்காலத்தில் ஓட்ஸ் மூட்டையோடு போனான். அன்றுதான் நானும் முதல்முறை போனேன், சுமைக்குத் துணையாக.

"அக்கா, நான் உங்கிட்ட கேட்டது துரை கேட்ட கேள்வியே இல்ல" என்றான் தலையைத் தொங்கப்போட்டு.

"தெரியும். நீ ஜன்னலுக்குக் கைய நீட்டுனப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா? ஒரு ஆமா சொல்லியிருந்தா எல்லாம் மிஞ்சியிருக்குமே."

ஃபினோலா மூட்டையை வாங்கி உள்ளே வைத்தாள்.

"போப்பாண்டவரப் பத்திக் கேட்டிருந்தா பொய் சொல்லியிருப்பேன் லோக்லா, அப்புறம் சாமியார்கிட்ட பாவமன்னிப்புக் கேட்டிருப்பேன். நீ அந்தக் கோயிலக் காட்டிட்ட. என் புருஷனப் பொதச்சது அங்கதானே."