மூன்று மில்லிவோல்ட்

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அளவு முதலில் வரும், சர்க்யூட் பிறகுதான் வரும். பெரம்பலூருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த அந்த இன்ஜினியரிங் கல்லூரியில் நான் கற்ற முதல் பாடம் அது. சீனியர்களின் ரெக்கார்டு நோட்டை ஜெராக்ஸ் எடுத்து, அதற்கு ‘மாடல் ரீடிங்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். என் வகுப்பு மகான்கள் அதைக் கல்லூரி பஸ்ஸிலேயே பார்த்து எழுதிவிட்டு, ஆய்வகத்தில் பேருக்கு நாலு ஒயரைச் செருகி வைத்து அரட்டை அடிப்பார்கள்.

நான் ஆண்டிமடத்திலிருந்து போனவள். விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறி, அரியலூர் தாண்டும்வரை சிமெண்ட் லாரிகளின் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். பொய் எழுத இவ்வளவு தூரம் வருவானேன், வீட்டிலேயே உட்கார்ந்து எழுதலாமே என்று எனக்கு ஒரு திமிர்.

இரண்டாம் ஆண்டில் டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையர் வந்தது. விஷயம் எளிது. ஒரே மாதிரியான இரண்டு டிரான்சிஸ்டர்கள் எதிரெதிரே நிற்கும். இரண்டுக்கும் கொடுப்பதில் உள்ள வித்தியாசத்தை மட்டும் பெருக்கிக் காட்டும். இரண்டுக்கும் ஒன்றுமே கொடுக்காவிட்டால் மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். என்னுடையது நூற்று நாற்பது மில்லிவோல்ட் காட்டியது. நானும் நூற்று நாற்பது என்று எழுதிக்கொண்டு போய் ஆய்வகத்து சாரிடம் நின்றேன்.

“என்னம்மா இது? ஜீரோல்ல வரணும்.”

“மீட்டர்ல இதான் சார் வருது.”

“மீட்டர் ஆயிரம் சொல்லும். ஜீரோ வந்தா எடுத்துட்டு வா, சைன் போடறேன்.”

ரெக்கார்டில் அவர் கையெழுத்து இல்லையென்றால் செய்முறைத் தேர்வில் உட்கார முடியாது. உட்காராவிட்டால் அரியர். வேலைக்கு ஆள் எடுக்க எங்கள் கல்லூரிப் பக்கம் எட்டிப் பார்க்கிற ஒரே கம்பெனி ஓசூரில் இருந்து வருவதுதான். அரியர் வைத்தவர்களை அது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

சரி, பூஜ்யத்தையே கொண்டுவந்து காட்டுகிறேன் என்று ரோஷம் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் ஆய்வகத்தில் கழிந்தது. இரண்டு டிரான்சிஸ்டரும் அச்சு அசல் ஒன்று என்று புத்தகம் அடித்துச் சொல்கிறது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளே ஒத்துப்போவதில்லை. ஒரே நம்பரை அச்சடித்துவிட்டால் ஒத்துப்போய்விடுமா? டப்பாவிலிருந்த டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே கரண்டைச் செலுத்தி, எது எவ்வளவு வோல்ட்டேஜில் விழித்துக்கொள்கிறது என்று அளந்து, மிக நெருங்கிய இரண்டைப் பொறுக்கினேன். ரெசிஸ்டர்களையும் அப்படியே ஜோடி சேர்த்தேன். நூற்று நாற்பது முப்பதுக்கு வந்தது.

ஆனால் அது நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. ஒரு டிரான்சிஸ்டரை விரலால் தொட்டுப் பார்த்தேன். எண் தலைதெறிக்க ஓடியது. அப்போதுதான் புரிந்தது, எல்லாம் சூடு. ஒன்று மின்விசிறிக் காற்றில் இருந்தது, மற்றது பவர் சப்ளையின் அனலில் இருந்தது. இரண்டின் தட்டையான முகங்களையும் ஒட்டவைத்துத் தையல் நூலால் இறுக்கிச் சுற்றினேன். இனி சுட்டாலும் குளிர்ந்தாலும் இரண்டுக்கும் சேர்ந்துதான். மிச்சம் இருந்ததைச் சரிக்கட்ட இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னத் திருகு ரெசிஸ்டரை வைத்துத் திருகினேன். மூன்று மில்லிவோல்ட். இன்னும் திருகினால் பூஜ்யத்தைத் தாண்டி அந்தப் பக்கம் மைனஸ் மூன்றுக்குப் போனது. மூன்றுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தது, ஓடவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரெக்கார்டில் நூலையும் சேர்த்துப் படம் வரைந்து, கீழே மூன்று என்று பென்சிலால் எழுதினேன்.

சார் நூலைப் பார்க்கவில்லை. மீட்டரையும் பார்க்கவில்லை. நோட்டை மட்டும் பார்த்தார்.

“நூத்தி நாப்பதும் தப்பு, மூணும் தப்பு. புக்குல என்னம்மா போட்டிருக்கு?”

“சார், நூத்தி நாப்பதுலேந்து மூணுக்கு இறக்கிருக்கேன் சார்.”

“யாரு இறக்கச் சொன்னா? நாளன்னிக்கு எக்ஸாம். சைன் வேணுமா, வேணாமா?”

மூன்றை அழித்தேன். பேனாவால் அங்கே ஒரு பூஜ்யம் போட்டேன், உருண்டையாக, அழகாக. அவர் கையெழுத்துப் போட்டார். தேர்வில் நல்ல மார்க் வந்தது. பிறகு யாரோ நோட்டைக் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன், அதோடு மறந்தும்போனேன்.

அடுத்த ஆண்டு ஒரு நாள் பஸ்ஸில், உடையார்பாளையத்தில் ஏறுகிற ஜூனியர் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடியில் ஜெராக்ஸ் தாளை வைத்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். இதுகள் திருந்தவே திருந்தாது என்று நினைத்தபடி எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்து. படத்தில் இரண்டு டிரான்சிஸ்டரையும் சுற்றி நான் வரைந்த நூல். அதை அவள் ஸ்கேல் வைத்து நேர்கோடுகளாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இந்த நூல் எதுக்குக்கா? கிளாஸ்ல எல்லாரும் வரைஞ்சிட்டோம், ஒருத்திக்கும் தெரியல.”

இரண்டும் ஒரே சூட்டில் இருப்பதற்காக என்று சொன்னேன். தலையை ஆட்டினாள்.

“அப்புடிக் கட்டினா கரெக்டா ஜீரோ வந்துருமாக்கா?”

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“வரும்” என்றேன்.