பதினெட்டாம் அத்தியாயத்துச் சாவி

சாவிக்காரருக்கு இருபத்தாறு வருடத் தொழிலில் ஒரே ஒரு பிடிவாதம். அசல் சாவியைக் கொண்டுவந்தால்தான் அரத்தைத் தொடுவார். சோப்பில் அழுத்தி எடுத்த அச்சை நீட்டினால், பத்து மடங்கு கூலி என்றாலும், "நடையைக் கட்டுங்க" என்பார். கடை என்பது இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே செருகிய நீல மரப்பெட்டிதான். ஆனால் அந்தத் தெருவில் பாதி வீடுகளின் சாவி அவர் வெட்டியது.

ஒரு கொலை வழக்கில், பூட்டிக்கிடந்த வீட்டைப் போலீஸுக்குத் திறந்துகொடுத்தவர் அவர். பிணத்தை முதலில் பார்த்தவரும் அவரே. அந்த வழக்கை நாவலாக எழுதப்போவதாக ஒரு எழுத்தாளர் தேடிவந்தபோது மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஆளை அடையாளம் தெரியாமல் மாற்றி எழுதட்டுமா என்று எழுத்தாளர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"மாத்தாதீங்க சார். நீலப் பெட்டி, என் மாறுகண், எல்லாம் அப்படியே வரட்டும்."

அதோடு வாயை மூடிக்கொண்டாரா? சோப்பு அச்சோடு வந்து திட்டு வாங்கிப் போனவர்களின் கதைகளையும் சேர்த்துச் சொன்னார்.

புத்தகம் வந்தது. அட்டையிலேயே 'உண்மைச் சம்பவம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள். தான் கதவைத் திறக்கிற ஏழாம் அத்தியாயம்வரை நாலு நாள் படித்தார். இதற்குமேல் நமக்கு என்ன வேலை என்று மூடிவிட்டு, கடை முகப்பில் மாட்டி வைத்தார். வருகிறவர்களிடமெல்லாம் "இதுல வர்றது நான்தான்" என்று பீற்றிக்கொள்ளவும் செய்தார்.

இரண்டே மாதத்தில் கூட்டம் பாதியானது. வந்தவர்களும் சைக்கிள் பூட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். வீட்டுச் சாவியை ஒருவரும் கொண்டுவரவில்லை. புத்தகத்தைக் கடைசிவரை படித்தது அவர் மனைவிதான்.

"என்னங்க, பதினெட்டாவதுல நீங்க சோப்பு அச்சை வாங்கி, கொலைகாரனுக்குச் சாவி வெட்டிக் குடுக்கறீங்க. தெரியுமா?"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான். மறுநாள் காலை சாவிக்காரர் எழுத்தாளர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"நடந்தது பாதி, கற்பனை பாதிண்ணே. முதல் பக்கத்துலயே போட்டிருக்கேனே, பொடி எழுத்துல. கொலைகாரன் எப்படி உள்ள போனான்னு போலீஸுக்கே தெரியல. கதைக்கு ஒரு சாவி வேணும்ல? படிக்கிறவங்க அதையெல்லாம் நம்ப மாட்டாங்க."

"நீங்க நம்ப மாட்டீங்களா சார்?"

"எழுதினவனே நான்தானே! உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

சாவிக்காரர் கையை நீட்டினார்.

"அப்போ உங்க வீட்டுச் சாவியக் குடுங்க. சாயங்காலம் வரைக்கும் என் கடையில இருக்கட்டும். டூப்ளிகேட் ஒண்ணு வெட்டித் தர்றேன், ஓசியிலயே."

எழுத்தாளர் சிரித்தார். கை சட்டைப் பைக்குள் போனது. சாவிக்கொத்து குலுங்கும் சத்தமும் கேட்டது. கை மட்டும் வெளியே வரவில்லை.

"இப்ப என்னண்ணே அவசரம்?" என்றார்.