மல்லாட்டைத் தோல் நெருப்பில் ஒட்டிய கலப்பை

போன வாரம் விழுப்புரத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அடுப்புக்கு மல்லாட்டைத் தோலை, அதாவது வேர்க்கடலைத் தோலை, அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எனக்கு டீ மறந்துபோனது. பக்கத்தில் இருந்தவர், "புகை ஒத்துக்கலையா சார், கண்ணுல தண்ணி வருது" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். சிரிப்பை அடக்கியதில் வந்த தண்ணீர் அது.

இளவட்டமாக இருந்தபோது நானும் தாஸும் திண்டிவனத்தில் வெல்டிங் பட்டறை போட்டோம். பெயர்தான் பட்டறை, செய்ததெல்லாம் ஜன்னல் கிரில்லும் கேட்டும். கேட்டில் நாங்கள் வளைத்த மயிலைப் பார்த்து, "கோழி நல்லாக்கீது" என்று பாராட்டியவர்களும் உண்டு.

அந்தப் பட்டறைக்குத்தான் அஞ்சலை அக்கா வந்தார். கிளியனூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில், சாக்கில் சுற்றிய இரும்புத் துண்டோடு. பழைய இரும்புக் கலப்பையில் மண்ணைக் கிழிக்கிற கொழுவையும் மாட்டோடு பூட்டுகிற ஏர்க்காலையும் சேர்த்துப் பிடிக்கிற வார்ப்பிரும்புத் துண்டு அது. குறுக்கே விரிசல், நகம் உள்ளே போனது. அந்த மாதிரிக் கலப்பை வருவதே நின்றுவிட்டதால் மாற்றுத் துண்டும் கிடைக்காது.

அக்காவும் அவர் வீட்டுக்காரர் கன்னியப்பனும் காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அந்த வருஷம்தான் முதன்முதலாக ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள்.

"இந்த ஈரத்துல வெதைக்கலன்னா வேற ஆளுக்கு வுட்ருவாராம் நெலத்துக்காரரு. எல்லாப் பட்டறையிலயும் கேட்டுக்கினு வர்றேன். வார்ப்பு ஒட்டாதுன்றாங்க. நீயாச்சும் பாருப்பா."

தாஸ் என் காதில், "பேஜாரு புடிச்ச வேலைடா, வுட்ரு" என்றான். நான் விடவில்லை. மயிலைக் கோழி என்றவர்கள் மேலிருந்த கோபமும் அதற்கு ஒரு காரணம்.

கேட்டை ஒட்டுவது போலவே ஒட்டினோம். ஒட்டியும்விட்டது! பெயிண்ட் அடிக்கிற அவசரத்தில் ஒட்டிய இடத்தைத் தண்ணீரில் முக்குவது எங்கள் பழக்கம். இதையும் முக்கினோம். தொட்டிக்குள் 'டிங்' என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே புது விரிசல்.

அக்கா எட்டிப் பார்த்தார். "ஒண்ணு குடுத்தேன், ரெண்டா தர்றியேப்பா" என்றார். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கு நான் உட்கார்ந்து யோசித்தேன், எனக்கே அதிசயம்தான். சூட்டில் விரியவில்லை, சட்டென்று குளிர்ந்தபோதுதான் விரிந்தது. காய்ந்த மண்சட்டியில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் எந்தச் சட்டி நிற்கும்? முழுத் துண்டையும் சூடாக்கித்தான் ஒட்ட வேண்டும். ஆறுவதும் மெல்ல ஆற வேண்டும்.

விரிசல் மேலும் நீளாமலிருக்க அதன் முனைகளில் சிறு துளை போட்டோம். பக்கத்தில் மல்லாட்டை உடைக்கிற மிஷினில் தோல் மலையாகக் கிடந்தது. மூன்று பேரும் அள்ளிவந்து, வறட்டியோடு சேர்த்துத் தீ மூட்டினோம். துண்டு நன்றாகச் சூடேறியதும் நான் கொஞ்சம் ஒட்டுவேன், தாஸ் முணுமுணுத்தபடியே சுத்தியால் மெதுவாகத் தட்டுவான், மறுபடி கொஞ்சம். முடித்ததும் சுடுசாம்பலுக்குள் புதைத்தோம். "தண்ணித் தொட்டி பக்கம் போனே, கால ஒடைப்பேன்" என்று அக்கா தாஸை மிரட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

காலையில் தோண்டி எடுத்தோம். விரிசல் இல்லை. நாங்களே துண்டைத் தூக்கிக்கொண்டு கிளியனூருக்குப் போனோம், பட்டறையில் இருப்புக்கொள்ளவில்லை.

கன்னியப்பன் இரவல் மாட்டைப் பூட்டி ஓட்டினார். அக்கா பின்னாலேயே விதை போட்டு வந்தார். பாதி நிலத்தில் கலப்பை கல்லில் மோதி எகிறியது. மாடு நின்றுவிட்டது. ஓடிப்போய் மண்ணைத் துடைத்துப் பார்த்தேன். கொழுவின் முனை மடங்கியிருந்தது. ஒட்டு அப்படியே இருந்தது!

"நின்னுக்கிச்சுடா!" என்று கத்தி, தாஸ் என்னைத் தூக்கிவிட்டான். கொழுவைத் தட்டி நிமிர்த்தி மறுபடி ஓட்டினார்கள். அந்த நேரம் பார்த்து வரப்பில் நிலத்துக்காரர் வந்தார், கூடவே நிலம் கேட்ட வேறொருவரும். கன்னியப்பன் மாட்டை நிறுத்தவில்லை. அஞ்சலை அக்கா மடியில் விதையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க. மாடு திரும்பணும்."

இப்போது அங்கே அந்த மாடு இல்லை, கலப்பை இல்லை. எங்கள் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். நிலத்துக்காரர் எதிரே வந்தால் கூலிக்காரர்கள் வரப்பைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்று ஒரு வழக்கமும் இருந்தது. அதுவும் போயிற்று. அது போன அன்று நான் அங்கே இருந்தேன். வரப்பைவிட்டு இறங்கியவர் நிலத்துக்காரர்.