புது வண்டியில் பத்து நாள்

எதிர்வீட்டு ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் மட்டும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த வாசனை வந்தாலே எனக்குக் கடலூர் ஓ.டி., அதாவது பழைய டவுன் ரயில்வே ஸ்டேஷன்தான் ஞாபகத்துக்கு வரும்.

எனக்குப் பஸ் ஆகாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஓ.டி.யில் ஏறினால் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். எலுமிச்சம்பழம், புளிப்பு மிட்டாய், ஜன்னலோர சீட்டு எல்லாம் பார்த்தாயிற்று. சிதம்பரத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை கிடைத்தபோது மீட்டர்கேஜ் ரயிலை நம்பித்தான் ஒப்புக்கொண்டேன். (பிழை திருத்துகிறவன் என்று பெயர்தான். ஒரு கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பக்கமும் மணமகன் என்றே விட்டுவிட்ட ஆள் நான்.) சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அகலப்பாதை போட ரயிலை நிறுத்திவிட்டார்கள். அச்சகத்துக்குப் பின்னால் ஓர் அறை பிடித்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன். தண்டவாளம் இல்லாத அந்த வருஷங்களில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள்.

மகளுக்கு ஒன்றரை வயது. மனைவி தினமும் செல்போனை அவள் காதில் வைத்து, அப்பா பேசுகிறார் என்று பழக்கியிருந்தாள். அதனால் அவளுக்கு அப்பா என்றால் அந்தப் போன்தான். ஒரு சனிக்கிழமை நான் உள்ளே நுழைந்ததும் மனைவி, "யாரு வந்துருக்காங்க பாரு" என்றாள். குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு ஓடிப்போய்ப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "அப்பா" என்றது. மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அகலப்பாதையில் வண்டி விடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் முதலாளியிடம் போய் நின்றேன், தினமும் வீட்டிலிருந்து வந்து போகிறேன் என்று. பத்து நாள் பார்ப்போம், நேரத்துக்கு வராவிட்டால் மறுபடியும் அறைதான் என்றார். அறைச் சாவி என்னிடமே இருந்தது.

முதல் நாள் காலை ஸ்டேஷனே புதுசாக மின்னியது. தண்டவாளத்துச் சரளைக்கல்கூட இன்னும் கறுக்கவில்லை. நான் கால அட்டவணையை அண்ணாந்து படித்தபடியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுந்தபோதுதான் பக்கத்தில் எழுதி வைத்திருந்த 'ஈரம்' கண்ணில் பட்டது. பேண்ட்டின் பின்பக்கம் வரிவரியாகப் பச்சைப் பெயிண்ட். பிழை திருத்துகிறவன் பார்க்க வேண்டிய ஒரே சொல், அதையும் விட்டுவிட்டேன்.

வண்டியின் புது சீட்டைப் பாழாக்க மனசு வரவில்லை, நின்றுகொண்டே வந்தேன். எதிரே மீன்கூடையோடு ஓர் அம்மா.

"எடந்தான் கெடக்குதே, ஏன் தம்பி நிக்கிற?"

திரும்பிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கூடைக்கு மேலே போட்டிருந்த நியூஸ் பேப்பரில் ஒரு தாளை உருவி சீட்டில் விரித்தார். பஸ்ஸில் மீன்கூடையை ஏற்ற மாட்டோம் என்று கண்டக்டர்கள் சொன்னதால் இத்தனை வருஷம் சிதம்பரம் வியாபாரத்தையே விட்டிருந்தாராம். பழைய வாடிக்கைக்காரர்கள் தன்னை மறந்திருப்பார்களோ என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். வெள்ளாற்றுப் பாலத்தில் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. வயிறு சத்தமே போடவில்லை.

சிதம்பரத்தில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனேன். பத்து நிமிஷம் முன்னதாகவே அச்சகத்தில் இருந்தேன். பேப்பர் பெயிண்ட்டில் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பின்பக்கத்தில் தலைப்புச் செய்தியை வாசித்துவிட்டுச் சொன்னார்: "சரி, வந்துட்ட. போயி வேலையப் பாரு."

முதல் சாயங்காலம் குழந்தை அழுதது. மூன்றாம் நாள் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தது. பிறகு நான் வாங்கிப்போன மல்லாட்டையை (வேர்க்கடலைதான்) மட்டும் பிடுங்கிக்கொண்டு ஓடியது. பத்தாம் நாள் நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே ஏதோ விழுந்து உடையும் சத்தம். போனைக் கீழே போட்டுவிட்டு, குழந்தை கையை நீட்டிக்கொண்டு வந்தது. "அப்பா."

மனைவி வந்து பார்த்தாள். பேட்டரி ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். "அந்த ரூமு சாவியக் குடுத்துடுங்க" என்றாள். மறுநாள் கொடுத்துவிட்டேன்.

அந்த மீன்கார அம்மாவைப் பிறகும் பல நாள் பார்த்தேன். பழைய வாடிக்கையில் பாதிப் பேர் திரும்பி வந்துவிட்டார்களாம். இப்போது அவர் வருவதில்லை. அச்சகம் இருந்த இடத்தில் செல்போன் கடை.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அந்த முதல் வாரங்களில் புதுச்சத்திரம் பக்கம் வயலில் நின்றவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வண்டிக்குக் கை காட்டுவார்கள். உள்ளே இருந்த நாங்களும், யாரென்றே தெரியாமல், பதிலுக்குக் கை காட்டுவோம். போன மாதம் அந்த வழியாகப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவர்கூட நிமிரவில்லை. அவர்களுக்கு அது தினமும் போகிற வண்டி.