சைமோனி வாங்காத கிராபிக்ஸ் கார்டு

சைமோனி இருபத்தேழு வருஷமாக எங்கள் தீவின் நாந்தி விமான நிலையத்தில் ஊரார் பெட்டிகளையெல்லாம் விமானத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். அவரை ஏற்றத்தான் இதுவரை ஆளில்லை. டிசம்பரில் ஓய்வு. அதற்குள் ஒரு தடவையாவது மேலேயிருந்து அந்த ஓடுபாதையில் இறங்கிவிட வேண்டும். டிக்கெட் எடுத்துப் பயணியாக இறங்குவதில் அவருக்கு மரியாதை இல்லை. பயணிகள் பெட்டிக்குள் என்னென்ன அடைத்துக்கொண்டு வருவார்கள் என்று அறிந்தவர். ஓட்டித்தான் இறங்க வேண்டும். அதற்கு விமானம் ஓட்டுகிற ஒரு விளையாட்டு இருக்கிறது, அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று என் கடைக்கு வந்தார்.

என் கடை சந்தைக்குப் பின்புறம், மீன் வாசம் முடிந்து டயர் வாசம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அங்கே இரண்டு கம்ப்யூட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இடது பக்கம் புதியது. படம் வரையும் வேலையையும் பிராசசரே சேர்த்துப் பார்க்கும், சமைக்கிற ஆளே பரிமாறுகிற மாதிரி. வலது பக்கம் பழையது. அதில் படம் வரைவதற்கென்றே தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு. தலைநகர் சூவாவில் மூடிப்போன நெட் சென்டரிலிருந்து வந்தது. ஒன்பது வயது, மின்சாரம் நிறையக் குடிக்கும், புல்வெட்டும் இயந்திரம் போல இரையும்.

இரண்டிலும் அந்த விளையாட்டைப் போட்டுக் காட்டினேன். இடது திரையில் கடல் நீலத் தார்ப்பாயாகக் கிடந்தது. 'தூங்கும் ராட்சசன்' மலை யாரோ உட்கார்ந்து எழுந்த மெத்தை. வலது திரையில் அலைகளுக்கு விளிம்பு இருந்தது. கரும்பு வரிசை வரிசையாக நின்றது. பெட்டி தூக்குகிறவர்கள் ஒளிந்து சிகரெட் பிடிக்கும் வேலிகூட இருந்தது. சைமோனி அந்த வேலியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, இதுதான். இதைக் கட்டு."

கட்டுவதற்காக மூடியைத் திறந்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கார்டை எத்தனை திருகு பிடிச்சிருக்கு?"

"ஒண்ணு."

"ஒண்ணா!" முகம் தொங்கிப்போய்விட்டது. "ஒத்தைத் திருகெல்லாம் அபிசாய்க்கு ஒரு திருகே இல்லையேப்பா."

அபிசாய் அவருடைய தாய்மாமன் மகன். எங்கள் ஊரில் மச்சான் வந்து உட்கார்ந்து, உள்ளங்கையைக் குவித்து மூன்று முறை தட்டிக் கேட்டுவிட்டால், கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். இதற்குப் பேர் கெரெகெரெ. இல்லை என்று சொன்னவர் இனி எந்தச் சாவு வீட்டிலும் நிமிர்ந்து உட்கார முடியாது. இப்படி சைமோனியிடமிருந்து இதுவரை போனவை: புல்வெட்டும் இயந்திரம், ஐஸ் பெட்டி, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, ஒரு கழிவறைக் கதவு.

"அப்ப அந்த இன்னொண்ணு?" என்று புதியதைக் காட்டினார். "அதுல படம் போடுறது எங்க இருக்கு?"

"பிராசசருக்குள்ளயே. தனியாப் பிரிக்க முடியாது."

"அபிசாயாலகூட?"

"கர்த்தராலகூட முடியாது."

அப்போதே புதியதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இப்படி ஒரு காரணத்துக்காகக் கிராபிக்ஸைத் தேர்ந்தெடுத்த ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் அபிசாய் கடைக்கு வந்தார். "இங்க ஒத்தைத் திருகுல ஒரு சாமான் இருக்காமே" என்று உட்கார்ந்தார். கை தட்டினார். நான் அவருக்கு மச்சானில்லை, கூச்சக்காரன். கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். அதைச் செருக அவரிடம் கம்ப்யூட்டரே இல்லை என்பது வாசல்வரை போனபின்தான் எனக்கு உறைத்தது. அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

இதற்கிடையில் சைமோனி வீட்டில் விமானம் விழுந்துகொண்டேயிருந்தது. தீவு தெரியும்வரை நன்றாகப் போகும். ஓடுபாதை கிட்டே வந்ததும் படம் திக்கும். மூச்சு வாங்கும், நிற்கும், மறுபடி ஓடும்போது விமானம் கரும்புக்குள் கிடக்கும். பதினொரு தடவை. பெட்டி தூக்கும் கூட்டாளிகள் அவருக்குக் 'கரும்பு கேப்டன்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து, பன்னிரண்டாவது தடவை விழுவதைப் பார்க்க நானும் அவர் வீட்டில் இருந்தேன். மரவள்ளியும் டின் மீனும் சாப்பிட்டு யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கலக்கும் நேரத்தில் அபிசாய் வந்தார். கோட்டு போட்டிருந்தார். சைமோனியின் கோட்டு.

"வாடா மச்சான்," என்றார் சைமோனி, ஜெயித்தவர் குரலில். "நல்லாத் தேடிப் பாரு. இதுல கழட்டுறதுக்கு ஒண்ணுமே கிடையாது."

அபிசாய் உட்கார்ந்தார். கை குவித்தார். தட், தட், தட்.

"எங்கிட்ட ஒரு கார்டு சும்மா கெடக்கு மச்சான். வைக்க இடமில்ல. அந்தப் பெட்டிய முழுசாக் குடுத்துடு."

யங்கோனாக் கிண்ணம் சைமோனி கையில் பாதியில் நின்றது. பிறகு குடித்தார். எழுந்து கம்பிகளைப் பிடுங்கினார். இருபத்தேழு வருஷப் பழக்கம்: 'கனம்' என்ற சிவப்புச் சீட்டை எடுத்துப் பெட்டியில் ஒட்டி, தானே தோளில் ஏற்றி, அபிசாய் வீட்டுக்குத் தானே சுமந்துபோனார். பின்னால் அபிசாய் திரையையும், நான் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் கொண்டுபோனோம்.

கார்டைச் செருகி அந்த ஒற்றைத் திருகை முறுக்கினேன். இரைச்சல் எழுந்தது.

"நீயே மொதல்ல ஓட்டு," என்று அபிசாய் பெருந்தன்மையாக நாற்காலியை இழுத்துப் போட்டார். "தூக்கிட்டு வந்தவன்."

அலைக்கு விளிம்பு வந்தது. மலை புரண்டு படுத்தது. கரும்பு வரிசைகள் சைமோனியை விட்டு விலகி வழிவிட்டன. சக்கரம் தரையைத் தொட்டபோது அவர் கால் விரல்கள் பாயை இறுக்கிப் பிடித்திருந்தன. விமானம் நின்றது. அவர் திரைக்குள் கூர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பெட்டி எறக்க ஒரு பய வரல பாரு. நான் இல்லன்னா இப்பிடித்தான்."

"எந்திரிடா, என் முறை," என்றார் அபிசாய். "கார்டைக் கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனே, மடையா."

சைமோனி திரும்பி அவரை வெறித்துப் பார்த்தார். கேட்கிறவர்களிடமிருந்து பொருளை எப்படிக் காப்பது என்றே யோசித்த தலையில், தானும் கேட்கலாம் என்பது ஒருநாளும் நுழையவில்லை.

மெதுவாகத் தரையில் இறங்கி உட்கார்ந்தார். கை குவித்தார். தட், தட், தட்.

"பெட்டி உங்கிட்டயே இருக்கட்டும் மச்சான். கரண்ட் பில்லும் உன்னோடதா இருக்கட்டும். இந்த நாற்காலிய மட்டும் குடு."

அந்த வீட்டில் இருந்த ஒரே நாற்காலி அது.

இப்போது தினமும் வேலை முடிந்து சைமோனி நாற்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு கரும்போரமாக அபிசாய் வீட்டுக்குப் போகிறார். விமானத்தை ஓடுபாதையில் இறக்குகிறார், நாற்காலியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வருகிறார். அபிசாய் நின்றுகொண்டே ஓட்டுகிறார். அவர் விமானம் மட்டும் இன்னும் கரும்பில்தான் இறங்குகிறது.