லூடோவில் கூடிய அக்கா தங்கை

தம்பியின் கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பாவின் பெயர் விட்டுப்போனது. அச்சகத்துக்கு எழுதிக் கொடுத்தவள் நான். ஆனால் சித்தி கோபித்துக்கொண்டது அம்மாவோடு. மாதா கோயிலுக்கு வந்து தாலி கட்டியதைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலே சிதம்பரத்துக்கு பஸ் ஏறிவிட்டாள். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். உன்மேல் எனக்கென்ன கோபம் என்று காபி கொடுத்து அனுப்பினாள். நாலு வருஷம் அக்காளும் தங்கையும் பேசவில்லை.

அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி எங்கள் முதுநகர் வீட்டில் படுத்திருந்தபோது, பொழுதுபோக அவள் போனில் லூடோ போட்டுக் கொடுத்தேன். கூட ஆடக்கூடியவர்கள் பட்டியலில் சித்தியின் படமும் இருந்தது. அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கை தவறிப் பட்டதுபோல அழுத்தினாள். அரை நிமிஷத்தில் சித்தி ஆட்டத்துக்கு வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆட்டம்தான். பேச்சு மட்டும் கிடையாது. காய் வெட்டுப்பட்டால் அழுகிற பொம்மை, ஆறு விழுந்தால் சிரிக்கிற பொம்மை, அவ்வளவுதான் அனுப்பிக்கொள்வார்கள். அம்மா எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு, அவள் ஜெயித்த நாளில் எனக்குக் கேட்காமலே டீ வந்தது.

ஒருநாள் சித்தி ஆட வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அம்மா கைத்தடியை எடுத்துக்கொண்டு, "சிதம்பரம் போறேன், நீ வர்றியா?" என்றாள். கால் வலிக்குமே என்றேன். வலித்தால் எனக்குத்தானே என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எந்த ஊர் என்று எட்டி எட்டிப் பார்த்தாள்.

கதவைத் திறந்த சித்தி நன்றாகத்தான் இருந்தாள். மாவு அரைக்கும்போது போன் கிரைண்டருக்குள் விழுந்து, ரிப்பேருக்குப் போயிருந்தது.

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "யார்கிட்டயாவது சொல்லி அனுப்பக்கூடாதா? நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்டி."

"நாமதான் பேசிக்கிறதில்லியேக்கா, எப்படிச் சொல்றது?" என்றாள் சித்தி.

சொன்ன பிறகுதான் பேசிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது நான்தான். சிரித்துக்கொண்டே இருந்தபோது அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சித்தப்பா போய் வஞ்சிரம் வாங்கி வந்தார். அம்மா அவசரத்தில் தன் போனை வீட்டிலேயே விட்டு வந்திருந்தாள்; சாப்பிட்டதும் என் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சித்தி வெட்டிய காய்க்கெல்லாம் அம்மா சத்தமாகவே திட்டினாள்.

நாலு மணிக்குக் கிளம்பலாமா என்று கேட்டேன். அம்மா நிமிரவே இல்லை.

"நீ போ. நான் ரெண்டு நாள் இருந்துட்டு வரேன். உன் போன் இங்கயே இருக்கட்டும்."