ஜாமீன் நின்ற வீடு

மாமா ஓட்டியது பெரிய கார். கார் நிதி நிறுவன முதலாளியுடையது. சொன்ன இடத்தில் திரும்புவது, சொன்ன இடத்தில் நிற்பது. ஏன், எதற்கு என்பதெல்லாம் பின்சீட்டுச் சமாச்சாரம் என்பார். அந்தச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து, இரண்டு அறையும் பின்னால் தனியாக ஒரு குளியலறையுமாக வீடு கட்டினார். பக்கச்சுவர் இன்னும் பூசவில்லை. "உங்க மாமா சட்டை போடாம நிக்கிறாரு பாரு" என்று அத்தை அதைக் காட்டிச் சிரிப்பாள்.

ஊர்ப்பணத்தை வாங்கிக் கையை விரித்துவிட்டதாக முதலாளியைக் கைது செய்தபோது மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதலாளிக்குச் சிறைக்குப் போனதுமே நெஞ்சு வலித்தது. மீதி நாட்களைத் தனியார் மருத்துவமனையின் ஏசி அறையில் கழித்தார். பெரிய வக்கீல்கள் வரிசையாக வந்து வாதாடினார்கள். ஜாமீன் கிடைத்தது. பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும், சொந்தச் சொத்துள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும்.

அதே நீதிமன்றத்தில் சைக்கிள் திருடியதாகப் பிடிபட்ட ஒருவனும் நின்றிருந்தான். அவனுக்கு ஜாமீன் எப்போதோ கிடைத்துவிட்டது, பிணைக்குத்தான் ஆளில்லை. மறுபடி வேனில் ஏற்றினார்கள்.

முதலாளிக்கு ஆள் இருந்தது.

"அவருக்குத் தம்பிங்க இல்லையா? மச்சான் இல்லையா?" என்றாள் அத்தை.

"அவங்க சொத்தெல்லாம் முடக்கிட்டாங்களாம். நம்ம வீட்லதான் வில்லங்கம் எதுவும் இல்லையாம். வக்கீல் சொல்றாரு."

"இல்லைன்னா என்ன, இப்ப வந்துரும்."

"சும்மா ஒரு கையெழுத்துடி. அவரு எங்க போயிடப் போறாரு?"

"போயிட்டா? வீட்டைல்ல எடுத்துக்குவாங்க?"

மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "என்னை எதிர்ல உக்கார வெச்சுக் கேட்டாரு. அந்த வீட்ல நான் நாற்காலியில உக்காந்ததே இல்ல."

அத்தை பத்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

தினமும் காலையில் முதலாளியைக் கையெழுத்துக்கு அழைத்துப்போனது மாமாதான். ஒருநாள் முன்சீட்டில் நானும் இருந்தேன். "இறங்காதீங்க சார், மழையா இருக்கு" என்று ஏட்டு பதிவேட்டைக் கார் ஜன்னலுக்கே கொண்டுவந்தார். பணம் போட்டு ஏமாந்தவர்கள் வாசலில் மனுவோடு நனைந்துகொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு விடியற்காலை முதலாளி, "நேராப் போ" என்றார். மாமா போனார். துறைமுகத்தைத் தாண்டிப் படகுகள் கட்டிக்கிடக்கும் இடத்தில், "நிறுத்து" என்றார். நிறுத்தினார். பெட்டியைத் தூக்கிப் படகில் வைத்து, பலகை வழுக்குமே என்று கைகொடுத்து ஏற்றியும் விட்டார். யாரையோ பார்த்துவிட்டு வேறு வண்டியில் வந்துவிடுவார் என்று நினைத்திருக்கிறார். மறுநாள் வழக்கம்போல் பங்களா வாசலில் காரை நிறுத்திக் காத்திருந்தார்.

"யாருக்கண்ணே நிக்கிறீங்க?" என்றார் காவலாளி. "அம்மா, புள்ளைங்க எல்லாரும் போன வாரமே கிளம்பியாச்சே."

நீதிபதி கேட்டார்: "பிணை நின்னது நீங்கதானே? அவர் எங்கே?"

"நான்தாங்க ஐயா கொண்டுபோய் விட்டேன்."

வக்கீல்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். மாமாவும் கூடச் சிரிக்கப் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை.

பிணைத்தொகையைக் கட்ட வழியில்லாததால் வீடு முடக்கப்பட்டது. தப்பிக்க உடந்தை என்று மாமாவையும் உள்ளே வைத்தார்கள். சில வாரங்களில் அவருக்கும் ஜாமீன் கிடைத்தது. சொந்தச் சொத்துள்ள ஒருவர் வேண்டும் என்றார்கள். நான் வாடகை அறையில் இருப்பவன். அத்தை தெரிந்த வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கினாள். கதவைத் திறந்தவர்கள் எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். மாமா இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

ஏலத்துக்காக வீட்டை அளக்க வந்த ஊழியர் தனி ஆளாக வந்திருந்தார். அளக்கும் நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. நான் எழுவதற்குள் அத்தை வாங்கிக்கொண்டாள்.

"கொஞ்சம் இறுக்கிப் புடிங்கம்மா, தொங்குது."

இறுக்கிப் பிடித்தாள். அறை அறையாக அவரோடு நடந்தாள். அவர் எழுதி முடித்து நாடாவைச் சுருட்டப் போனபோது, "பின்னாடி குளியலறையை விட்டுட்டீங்களே" என்றாள். "அதுவும் எங்களுதுதாங்க."